நாலு இன்ச் உயரம்

ஹைலக்ஸ் வண்டியைத் தூக்கப்போகிறேன் என்று திருச்செல்வம் சொன்னபோது ரூபினி கெம்போங் மீனுக்கு மஞ்சளும் உப்பும் தடவிக்கொண்டிருந்தாள்.

"எங்க தூக்கிட்டுப் போறீங்க?" என்றாள் திரும்பாமலே.

"எங்கயும் தூக்கிட்டுப் போகல. உயரமாக்கப் போறேன். நாலு இன்ச்."

"அது இப்பவே உயரந்தானே. ஏறி உக்கார்றப்ப எனக்கு முட்டி சத்தம் போடுது."

"காட்டுக்குப் போறதுக்கு அது பத்தாது, ரூபி."

"யாரு காட்டுக்குப் போறா?"

"நாமதான்," என்றான். சொன்னது தன் காதுக்கே புதிதாகப் பட்டதுபோல் ஐஸ்பெட்டியைத் திறந்து, எதுவும் எடுக்காமல் மூடினான்.

ரூபினி கையைக் கழுவிக்கொண்டு திரும்பினாள். சிரிக்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. "சரி. அப்ப திங்கக்கிழம வேலைக்கு எதுல போறது?"

தூக்கிய வண்டியில் தினமும் வேலைக்குப் போக முடியாது என்பது அவனுக்கும் தெரியும். தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடத்து வாசலில் மஞ்சள் குழாய் ஒன்றைச் சங்கிலியில் தொங்க விட்டிருக்கிறார்கள். இப்போதே ஹைலக்ஸின் மண்டை அதற்கு ஒரு கை இடைவெளியில்தான் நுழைகிறது. நாலு இன்ச் உயர்த்தி, காட்டு டயர்களும் மாட்டினால் குழாய் கண்ணாடியில் இடிக்கும். அந்த டயர்கள் தார்ச்சாலையில் ஓடினால் ஈக்கூட்டம் மாதிரி இரையும், எண்ணெயும் குடிக்கும். ஆக, வேலைக்குப் போக இன்னொரு காடி, சாதாரணக் கார் ஒன்று, வேண்டும்.

திருச்செல்வத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. செனாயில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு சூப்பர்வைசர். ரூபினிக்குச் செனாயையும் தாண்டி, கூலாயில் ஒரு கிளினிக்கின் பதிவு கவுண்டரில் வேலை. வீடு தம்போயில், ஒட்டி ஒட்டி நிற்கும் வரிசை வீடுகள் நிறைந்த ஒரு தாமானில். ஒரே மகள் லோஷினி படித்து முடித்து, சிங்கப்பூரில் வேலை கிடைத்து, தினமும் எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று காலம் தள்ள முடியாது என்று அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் போன நாளிலிருந்து ஹைலக்ஸின் பின்சீட்டில் ஆள் இல்லை. ரூபினியின் கைப்பையும் சாப்பாட்டுப் பையும்தான் அங்கே உட்கார்ந்து வந்தன.

கல்யாணமான புதிதில் வாங்கிய வண்டி அது. சிகாமட் பக்கம் ஒரு சீனத் துரியான் தோட்டக்காரரிடமிருந்து பழையதாக வந்தது. அவர் ஏற்றி இறக்கிய பழங்களின் வாசனை பின்தொட்டியில் ஊறிக் கிடந்தது. எத்தனை சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மழை பெய்தால் வண்டியே பழுத்துவிட்ட மாதிரி மணக்கும். "கல்யாணப் பொண்ண இதுலயா கூட்டிட்டுப் போறது?" என்று ரூபினியின் அக்காள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். ரூபினிக்கு அந்த வாசனை பிடித்திருந்தது. அதை அவள் அக்காளிடம் சொல்லவில்லை, அவனிடம்தான் சொன்னாள்.

அதை வாங்கியதே காட்டுக்குப் போகத்தான். அப்போது திருச்செல்வமும் கனகராஜும் ஒரே தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் டெக்னீஷியன்கள். மழைமாதங்களில், காட்டுக்குள் போய்விட்டு வரும் நான்கு சக்கர வண்டிகள் வரிசையாக நெடுஞ்சாலையில் போகும். கண்ணாடி வரை சேறு, கூரையில் கயிறு, ஒன்றிரண்டில் கதவே இருக்காது. இருவரும் வேலை முடிந்து மோட்டார்சைக்கிளில் அவற்றின் பின்னாலேயே போய், பெட்ரோல் நிலையத்தில் ஓரமாக நின்று பார்ப்பார்கள். யாரிடமும் பேசமாட்டார்கள். பார்ப்பதோடு சரி. அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் ஒருநாள் கனகராஜ், "நீ வாங்கு செல்வம், நான் ரிப்பேர் பாக்கறேன்" என்றான். வாங்கினான்.

முதல் பயணம் லாபிஸுக்கு உள்ளே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி இருப்பதாகச் சொன்ன ஓர் அருவிக்கு. திருச்செல்வம், புது மனைவி ரூபினி, கனகராஜ், மூன்று பேர். தோட்டத்து மண்பாதை நன்றாகத்தான் போனது. பிறகு ஓர் ஓடை குறுக்கிட்டது. முந்தின ராத்திரி மழை. தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. இறங்கினார்கள். பாதி தூரத்தில் வண்டியின் வயிறு கல்லில் தட்டி நின்றுவிட்டது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. மதியம் வரை தள்ளிப் பார்த்தார்கள். கடைசியில் தோட்டத்து டிராக்டர்க்காரர் ஒருவர் வந்து கயிறு கட்டி, வந்த பக்கமே இழுத்து விட்டார். அக்கரையில், மரங்களுக்கு அப்பால் எங்கேயோ, அருவி விழும் சத்தம் மட்டும் கேட்டது. ரூபினி கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த நாசி லெமாக் சோற்றைப் பிரித்து, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள்.

"இன்னும் ஒரு நாலு இன்ச் உயரம் இருந்திருந்தா தாண்டியிருப்போம்லா," என்றான் கனகராஜ், சட்டையைப் பிழிந்தபடி.

அடுத்த மாதம் தூக்கிவிட்டு வருவோம் என்று பேசிக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த மாதம் ரூபினிக்கு வாந்தி தொடங்கியது. லோஷினி பிறந்தாள்.

அதற்குப் பிறகு அந்த வண்டி எத்தனையோ செய்தது, காட்டுக்கு மட்டும் போகவில்லை. தாமானில் வீடு மாறுகிறவர்களின் கட்டிலையும் அலமாரியையும் சுமந்தது. தைப்பூசத்துக்குக் கோயில் வாசல்வரை தண்ணீர்ப் பீப்பாய்களை ஏற்றிப் போனது. லாபிஸில் வெள்ளம் வந்தபோது ரூபினியின் பெரியப்பா குடும்பத்தைக் கோழிகளோடு ஏற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பெரும்பாலான நாட்களில் அதன் வேலை ஒன்றே ஒன்று. காலையில் லோஷினியைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கி, ஸ்கூடாய் நெரிசலில் ஊர்ந்து, செனாயில் தன் தொழிற்சாலையைத் தாண்டிப் போய், கூலாயில் ரூபினியை இறக்கிவிட்டு, மறுபடி செனாய்க்குத் திரும்பி வருவது. "வேலைக்கு வர்ற வழியில வேலையத் தாண்டிப் போற ஆளு நீ ஒருத்தன்தான்யா," என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். அவன் கண்டுகொள்வதில்லை. ரூபினி பேருந்துக்கு நிற்கக்கூடாது, அவ்வளவுதான். காட்டுக்கென்று வாங்கின வண்டி பள்ளிக்கூட வாசலில் நின்றே வயதானது.

கனகராஜ் எப்போதோ தொழிற்சாலையை விட்டுவிட்டு, தம்போயில் சொந்தமாகப் பட்டறை போட்டிருந்தான். திருச்செல்வம் விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"எவ்வளவு நாளா காத்துக்கிட்டிருக்கேன் தெரியுமா," என்றான் கனகராஜ். ஸ்பேனரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டான். "சும்மா ஸ்பிரிங் மட்டும் மாத்தி விடமாட்டேன். அப்சார்பர் நீளமானது போடணும். பிரேக் குழாய் எட்டாது, அதையும் மாத்தணும். ஜே.பி.ஜே. போக்குவரத்து ஆபீஸ் அனுமதி முறையா வாங்கணும். ரோட்டுல நிறுத்திக் கேட்டா பேந்தப் பேந்த முழிக்கக் கூடாது. ஒரு மாசம் வண்டிய மறந்துடு."

"அதுக்குள்ள ஒரு காடி பாக்கணும்."

"பாரு. ஆனா ரூபினி தங்கச்சி சொல்றத வாங்கு. நீ பாத்து வாங்கினா அதுக்கும் டிராக்டர் தேட வேண்டியிருக்கும்."

வண்டியை ஒப்படைக்குமுன் ஒரு சனிக்கிழமை வாசலில் நிறுத்தித் திருச்செல்வமும் ரூபினியும் துடைத்தார்கள். பின்கதவின் உள்பக்கப் பிளாஸ்டிக்கில் நீலப் பேனாவால் ஏழாம் வாய்பாடு எழுதியிருந்தது. பள்ளிக்குப் போகும் வழியில் ஒருநாள் திருச்செல்வம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தபோது, மறந்துபோகாமல் இருக்க லோஷினி திருட்டுத்தனமாகக் கதவில் எழுதி, அதைப் பார்த்துப் பார்த்து ஒப்பித்திருக்கிறாள். ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று எழுதி அடித்து, ஐம்பத்தாறு என்று திருத்தியிருந்தாள். ரூபினி ஈரத்துணியை அதன் அருகே கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டாள். திருச்செல்வம் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினான். "அப்பா, அப்ப எல்லாத்துக்கும் சரியா சொன்னேன்னு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தீங்க," என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "வண்டிய விக்கலதானே?"

"விக்கல," என்று ரூபினியே பதில் எழுதினாள்.

காடி தேடும் படலம் அடுத்த ஞாயிறு தொடங்கியது. ஹைலக்ஸ் இன்னும் கையில் இருந்ததால் அதிலேயே போய்ப் பார்த்தார்கள். திருச்செல்வம் இரண்டு வாரமாகக் கைத்தொலைபேசியில் காணொளி பார்த்துத் தயாராக இருந்தான். எந்தக் காடி எவ்வளவு எண்ணெய் குடிக்கும், எதற்கு உதிரிபாகம் சுலபம், எதை நாலு வருஷம் கழித்து நல்ல விலைக்குத் தள்ளலாம் என்றெல்லாம் வரிசையாகச் சொன்னான். ரூபினி கேட்டுக்கொண்டாள். ஒவ்வொரு காடியிலும் செய்தது ஒரே காரியம்தான். இடதுபக்கக் கதவைத் திறந்து உட்காருவாள், கதவைச் சாத்துவாள், கைகளை மடியில் வைத்துக்கொண்டு முன்கண்ணாடியைப் பார்ப்பாள். பிறகு இறங்கி, "இல்ல" என்பாள்.

முதலில் பார்த்தது புது பேஸா. இல்ல. அடுத்து ஒரு பெரிய பழைய காடி, தோல் இருக்கை போட்டது. "படுத்துக்கிட்டே போற மாதிரி இருக்கு," என்றாள். மூன்றாவது மின்சாரக் காடி. விற்பனையாளர் ஒரு பட்டனை அழுத்திவிட்டு ஓடுகிறது என்றபோது திருச்செல்வம் நம்பவில்லை. குனிந்து காது கொடுத்துப் பார்த்தான். அவனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

"சத்தமே இல்லையே," என்றாள் ரூபினி.

"அதான் நல்லது."

"சத்தம் இல்லன்னா நீங்க பாடறது முழுசா கேக்கும்."

விற்பனையாளர் தமிழ் தெரியாத சீனப் பையன். இருந்தாலும் திருச்செல்வத்தின் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

அன்றிரவு தொலைபேசியில் மகளிடம் திருச்செல்வம் குறை சொன்னான். "எதக் காட்டினாலும் இல்லங்கறா உங்கம்மா. என்ன வேணும்னு கேட்டா தெரியலங்கறா." அவனுக்கு உண்மையிலேயே எரிச்சல்தான். ஆனால் உள்ளுக்குள் ஒன்று தோன்றியது. அந்த ஒவ்வொரு காடியிலும் அவனும் வலதுபக்கம் உட்கார்ந்து பார்த்தான். ஹைலக்ஸில் கியர்க்கம்பு நிற்கும் சூடான தகர மேட்டுக்குப் பக்கத்தில், ரூபினி தண்ணீர்ப் புட்டியைச் சாய்த்து வைத்திருப்பாள். கியர் மாற்றும்போதெல்லாம் கையில் இடிக்கும். எத்தனையோ முறை எடுத்து வை என்று சொல்லியிருக்கிறான். இந்தக் காடிகளில் புட்டிக்குத் தனிக் குழி இருந்தது. அந்தக் குழியைப் பார்த்ததும் காரணமில்லாமல் மனசு கொஞ்சம் சோர்ந்தது.

அடுத்த ஞாயிறு ஸ்கூடாயில் ஒரு பழைய காடிக் கடை. அங்கே ஓரத்தில் ஆரஞ்சு நிற மைவி ஒன்று நின்றிருந்தது. திருச்செல்வம் அதைக் கடந்து போனான். ஊரில் மூன்று வீட்டுக்கு இரண்டு வீட்டில் நிற்கிற காடி. அதைப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது. திரும்பிப் பார்த்தபோது ரூபினியைக் காணோம். மைவிக்குள் உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல் இடதுபக்கம். வழக்கம்போல் இறங்கினாள். ஆனால் "இல்ல" என்று சொல்லவில்லை. முன்பக்கமாகச் சுற்றி வந்து, வலதுபக்கக் கதவைத் திறந்து, ஸ்டேரிங்கின் முன்னால் உட்கார்ந்தாள். இருக்கையை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள்.

"இது சரி," என்றாள்.

"என்ன சரி?"

"இங்க உக்காந்தா சரியா இருக்கு."

கடைக்காரரிடம் ஓட்டிப் பார்க்கலாமா என்று மலாயில் கேட்டாள். அவர் திருச்செல்வத்தைப் பார்த்தார். திருச்செல்வம் அவளைப் பார்த்தான். அவளுக்கு லைசன்ஸ் உண்டு. கல்யாணத்துக்கு முன்பே எடுத்தது. ஒவ்வொரு முறையும் தவறாமல் புதுப்பித்தும் வைத்திருந்தாள். ஏதோ அடையாளத்துக்கு என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

கடைக்காரர் இடதுபக்கம் ஏறிக்கொண்டார். காடி மெதுவாக, மிக மெதுவாக வாசலைத் தாண்டி, நின்று, இருபுறமும் பார்த்து, சாலையில் இறங்கியது. திருச்செல்வம் வெயிலில் நின்றான். ரூபினி தன்னைவிட்டு ஒரு காடியில் போவதை அவன் அதற்குமுன் பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. போகிறவன் எப்போதும் அவன்தான். ஆரஞ்சு நிறம் மூலை திரும்பி மறைந்தது. வட்டமடித்துவிட்டு வரக்கூடிய நேரம் போயிற்று, வரவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். ஒருவழியாக எதிர்த்திசையிலிருந்து வந்து சேர்ந்தாள். பெரிய வட்டமாகப் போயிருக்கிறாள். இறங்கியபோது நெற்றியில் வியர்வை. உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். இளவயதில் ஓடைக்கரைப் பாறைமேல் உட்கார்ந்திருந்த முகம் அது.

"ஏன் இத்தன நாள் ஓட்டறேன்னு சொல்லல?" என்று திரும்பும் வழியில் கேட்டான்.

"அது பெரிய வண்டி. கிளட்ச் மிதிச்சா எனக்கு இடுப்பு வலியே வரும். உங்களுக்கு ஓட்டப் பிடிக்கும். விட்டுட்டேன்." கொஞ்ச தூரம் போனபின் சொன்னாள்: "ஓட்டணும்னு எனக்கும் முன்னாடி தெரியல. அந்த சீட்டுல உக்காந்தப்பதான் தெரிஞ்சுச்சு."

மைவி வந்தது. ஹைலக்ஸ் கனகராஜின் பட்டறைக்குப் போனது. காடி பழகும்வரை ரூபினி மாலைகளில் தாமானுக்குள் தனியாகச் சுற்றினாள். ஒரு மாதம் வரை வேலைக்கு மைவியைத் திருச்செல்வமே ஓட்டினான். "நான் ரெடியானதும் சொல்றேன்," என்றிருந்தாள்.

கனகராஜ் கூப்பிட்ட நாளில் இருவரும் பட்டறைக்குப் போனார்கள். ஹைலக்ஸ் வாசலில் நின்றது. அவர்களுடைய வண்டிதான், அதே பச்சை, அதே நசுங்கிய வலது மட்கார்டு. ஆனால் வாலிபத்தில் திடீரென்று வளர்ந்துவிட்ட பிள்ளை மாதிரி, கைகால் நீண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதுபோல் இருந்தது. டயர்களின் பற்களுக்கு நடுவே இரண்டு விரலை விடலாம். கனகராஜ் ஓரமாக நின்று கைகளை எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டேயிருந்தான். சுத்தமான பிறகும் துடைத்தான்.

"கால் வைக்கப் படி ஒண்ணு வெல்டிங் பண்ணியிருக்கேன், தங்கச்சி. ஏறிப் பாரு."

ரூபினி படியில் ஒரு காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்து, எம்பி, பாதியில் நின்று சிரிக்கத் தொடங்கிவிட்டாள். திருச்செல்வம் பின்னாலிருந்து தாங்கினான். உள்ளே உட்கார்ந்ததும் அவள் சுற்றிலும் பார்த்தாள். "எதிர்வீட்டு மாடிக்குள்ளயே தெரியுது," என்றாள்.

வீட்டுக்கு ஓட்டி வந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. வாசல் கொட்டகைத் தகரத்துக்குள் இனி அது நுழையாது. இத்தனை வருஷமாக அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை வட்டமாகக் கிடந்தது. அங்கே மைவி போய் நின்றுகொண்டது. ஹைலக்ஸ் வெளியே, அங்சானா மரத்தடியில், சாலையோரமாக நின்றது. திருச்செல்வம் படுக்கப் போகுமுன் இரண்டு தடவை எட்டிப் பார்த்தான்.

அருவிக்குப் போவது பற்றி யாரும் பேசி முடிவு செய்யவில்லை. வேறெங்கும் போக அவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் கிளம்பினார்கள். ரூபினி புளிச்சோறும் முட்டைச் சம்பலும் கட்டிக்கொண்டாள். கனகராஜ் கயிறு, மண்வெட்டி, சங்கிலி, இரண்டு பலகை எல்லாம் ஏற்றினான். சிக்கினால் வண்டியை இழுக்கப் புதிதாகப் போட்ட வின்ச்சை வழியெல்லாம் இறங்கி இறங்கிப் பார்த்தான்.

லாபிஸ் தாண்டி உள்ளே திரும்பினார்கள். செம்பனைத் தோட்டம் வந்தது. மண்பாதை வரவில்லை. தார்ச்சாலை போய்க்கொண்டேயிருந்தது. நல்ல சாலை, நடுவில் வெள்ளைக்கோடு கூட இருந்தது. "இன்னும் உள்ள போனா மாறும்," என்றான் கனகராஜ். உள்ளே போனார்கள். மாறவில்லை. ஓடைமேல் சிமெண்டுப் பாலம் வந்தது. மூன்று மூச்சு விடுவதற்குள் கடந்துவிட்டார்கள். அப்புறம் ஒரு வளைவு, அப்புறம் அருவி. எதிரே கார் நிறுத்துமிடம், கழிப்பறை, வாழைப்பழம் பொரித்து விற்கும் பீசாங் கோரேங் கடை. மைவிகள் வரிசையாக நின்றன. ஒரு குடும்பம் பாயை விரித்து, காடியிலிருந்து ரைஸ்குக்கரை இறக்கிக்கொண்டிருந்தது.

திருச்செல்வம் எஞ்சினை அணைத்தான். பக்கத்தில் நின்ற ஒரு மலாய்க்காரர் ஹைலக்ஸை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எங்கே காட்டுக்குப் போகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார்.

"இங்கதான்," என்றான் கனகராஜ் மலாயில்.

இறங்கிப் போய் அருவியைப் பார்த்தார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு மரங்களுக்கு அப்பாலிருந்து கேட்ட சத்தத்துக்கு இந்த அருவி சின்னதாகப் பட்டது. பிள்ளைகள் ரப்பர் மிதவைகளோடு குதித்தார்கள். திருச்செல்வம் கால்சட்டையை மடித்துக்கொண்டு கணுக்கால்வரை நனைத்தான். மனசு எதிலும் ஒட்டவில்லை.

"அன்னிக்கு நாம நின்னோமே, அந்த இடம் எங்க?" என்றாள் ரூபினி.

பாலத்துக்குத் திரும்பி வந்து தேடினார்கள். பாலத்திலிருந்து கொஞ்சம் கீழே, லாலாங் புல் மண்டிக்கிடந்த இடத்தில் பழைய பாதையின் தடம் தெரிந்தது. கனகராஜ் இறங்கி முன்னால் நடந்து புல்லை மிதித்துப் பார்த்தான். பிறகு திரும்பி, கையை அசைத்தான். திருச்செல்வம் வண்டியைத் தார்ச்சாலையிலிருந்து இறக்கினான். புல் வயிற்றில் உரசியது. ஓடைக்கரை வந்தது. தண்ணீர் அதே செம்மண் நிறத்தில், அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. கரையில் பாறைகள் இருந்தன. எது ரூபினி உட்கார்ந்த பாறை என்பதில் மூவருக்கும் மூன்று கருத்து.

"இறங்கி நடந்து வர்றியா?" என்று அவளைக் கேட்டான்.

"நான் ஏன் இறங்கணும்?" என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி தண்ணீருக்குள் இறங்கியது. முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி, சறுக்கி, மறுபடி பிடித்தது. தண்ணீர் கதவின் கீழ்விளிம்பை நக்கியது. அன்று வயிறு தட்டிய இடம் என்று அவன் நினைத்த இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டான். எதுவும் தட்டவில்லை. ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு ஹைலக்ஸ் அக்கரையில் ஏறி நின்றது. பின்னால் கனகராஜ் தொடையளவுத் தண்ணீரில் நடந்து வந்துகொண்டிருந்தான். ஏறிக்கொள்ளச் சொன்னபோது, வெளியே நின்று பார்க்கணும் என்று சொல்லிவிட்டிருந்தான்.

அக்கரையில் ஒன்றுமில்லை. வரிசை வரிசையாகச் செம்பனை; கொஞ்ச தூரத்தில் பாதையும் முடிந்துவிட்டது. அங்கேயே பின்தொட்டியின் கதவைத் திறந்து, மூவரும் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டார்கள். கனகராஜின் கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டேயிருந்தது. அருவியின் சத்தம் மரங்களுக்கு அப்பாலிருந்து கேட்டது. இங்கிருந்து கேட்டால் அது மறுபடியும் பெரிதாகத்தான் இருந்தது. ரூபினி கையில் சோற்றை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். திருச்செல்வத்துக்கு அந்தப் பயணத்தில் அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வந்து, ஹைலக்ஸைக் கழுவி, மரத்தடியில் நிறுத்தி, குளித்துவிட்டு வந்தபோது ரூபினி சொன்னாள்: "நாளைக்கு நான் ஓட்டறேன்."

திங்கட்கிழமை காலையில் திருச்செல்வம் பழக்கதோஷத்தில் வலதுபக்கம் போய் நின்றான். அவள் சாவியைக் காட்டினாள். சுற்றி வந்து இடதுபக்கம் உட்கார்ந்தான். காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தாமான் வாசலிலேயே இல்லாத பிரேக்கை இரண்டு தடவை மிதித்தான்.

"காலச் சும்மா வைங்க," என்றாள் ரூபினி, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

சும்மா வைத்தான். கைக்கும் வேலையில்லை. வேறு வழியில்லாமல் சன்னலுக்கு வெளியே பார்த்தான். பெரிய சாலைக்கு வரும் முன், நாசி லெமாக் கடை போட்டிருந்த ஒரு மலாய் அம்மாள் காடியைப் பார்த்துத் திகைத்து, பிறகு கையைத் தூக்கிக் காட்டினார்.

"யாரு அவங்க?"

"மாக் சு. தெனம் கை காட்டுவாங்க. நான் உக்கார்ற பக்கம் மாறிப்போச்சுல்ல, அதான் யோசிக்கறாங்க."

"நான் பார்த்ததே இல்லையே."

"நீங்க ரோட்டப் பாத்தீங்க."

நெரிசல் தொடங்கியது. அவள் நிதானமாக ஓட்டினாள். யாரேனும் குறுக்கே வந்தால் அவனைப் போலத் திட்டவில்லை, விட்டுவிட்டாள். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தது. "அந்த மூணாவது மாடி வீட்டுல ஒரு சின்னப் பையன் நின்னு, போற லோரிக்கெல்லாம் கை காட்டுவான்," என்றாள். "இப்ப பெரியவனாயிட்டான். போன வருஷம் யூனிஃபார்ம் போட்டு மோட்டார்ல போனான். எனக்கு அன்னிக்கெல்லாம் சந்தோஷமா இருந்துச்சு." இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு கடைவாசலில் பறவைக்கூண்டுகள் தொங்கின. வயசான சீனர் ஒருவர் கூண்டுகளின் துணியை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டிருந்தார். முன்பு ஐந்து கூண்டு இருந்தது, அவர் மனைவி இறந்த பிறகு இரண்டாகிவிட்டது என்றாள். ஒரு வேலியோரத்தில் வெள்ளைப் பூ கொட்டிக் கிடந்த மரத்தைக் காட்டி, லோஷினி பரீட்சை எழுதப்போன நாட்களில் அது பூத்திருந்தால் பிள்ளை நன்றாக எழுதுவாள் என்று தானே ஒரு கணக்கு வைத்திருந்ததைச் சொன்னாள்.

இத்தனை வருஷம் இதே சாலையில்தான் வந்திருக்கிறான். ஒவ்வொரு குழியும் தெரியும், எந்த சிவப்பு விளக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரியும். பக்கத்தில் ஒருத்தி இவ்வளவையும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இதெல்லாம் எங்கிட்ட சொன்னதே இல்ல நீ."

"சொல்லியிருக்கேன். 'ம்' சொல்லுவீங்க."

தப்பைச் சொல்லிக்காட்டுவது போல அவள் அதைச் சொல்லவில்லை. அந்தக் காலைகள் அவன் தலைக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பின்சீட்டில் சின்னக் குரல், கையில் இடிக்கும் தண்ணீர்ப் புட்டி, மழைக்குத் துரியான் வாசனை. அவை எல்லாவற்றிலும் அவனுக்குத் தெரியாத இன்னொரு பக்கம் இருந்திருக்கிறது. அவை முடிந்துபோய்விட்டன என்பது கொஞ்சம் வலித்தது.

செனாய் வந்தது. ரூபினி தொழிற்சாலை வாசலில் நிறுத்தினாள். இதற்குமுன் காலை நேரத்தில் அவள் இங்கே நின்றதே இல்லை. எப்போதும் தாண்டித்தான் போவார்கள்.

"அங்க திரும்பறப்ப பெரிய லோரிங்க வரும்," என்றான் இறங்காமல். "கொஞ்சம் தள்ளியே..."

"தெரியும். தெனம் பாத்திருக்கேன்லா."

இறங்கினான். மைவி சிக்னல் போட்டு, காத்திருந்து, ஒரு இடைவெளி பார்த்து நுழைந்து கூலாய்ப் பக்கம் போனது. அது மறையும்வரை நின்றான். பாதுகாவலர் அவனைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். கூலாய்க்குப் போய்வரும் நேரம் இன்று கையில் மிச்சம் இருந்தது. அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. கேண்டீனுக்குப் போய் ஒரு தே தாரேக் வாங்கி, சாலையைப் பார்த்த மேசையில் உட்கார்ந்தான். தேநீரில் ஆடை படிந்தது. குடிக்கவில்லை. கைத்தொலைபேசியை மேசையில் நேராக வைத்தான், பிறகு கவிழ்த்தான், பிறகு மறுபடி நிமிர்த்தினான்.

அது அதிர்ந்தது.

"வந்துட்டேன்," என்று எழுதியிருந்தாள். அவளை வேலைக்கு அவனே கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தவரை அப்படி ஒரு செய்தி அனுப்ப அவசியம் வந்ததில்லை. திருச்செல்வம் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். "சரி" என்று எழுதி, போதாதென்று பட, அழித்தான். பசியாறினாயா என்று கேட்டு எழுதினான், அதையும் அழித்தான். கடைசியில், "போறப்ப அந்தப் பக்கத்துல என்ன பாத்தே, சாயங்காலம் சொல்லு" என்று எழுதி அனுப்பிவிட்டு, ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்து, வேலைக்குப் போனான்.